போடுவதற்கு முன் எடுத்துப் பார்த்தவர்

1954-ஆம் வருடத்து டைரியில், ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “பக்கத்து வீட்டு அக்கா தபாலாபீசில் பணம் எடுக்கப் போனார். தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.” அதன் கீழே ஒரு கேள்விக்குறி. நடந்ததை நடந்த நாளிலேயே எழுதிவிடுகிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து உண்டு. புரிந்த பிறகுதான் எழுதுவது என்று வைத்துக்கொண்டதில்லை. அந்தக் கேள்விக்குறியை அடிப்பதற்கு எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

அப்போது நான் ஆலங்குடி ரிஜிஸ்தர் ஆபீசில் குமாஸ்தா. ஒரே ஓட்டு வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி இரண்டு குடித்தனமாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் நான், தனி ஆள். மறுபாதியில் அக்கா, இரண்டு பெண் குழந்தைகளோடு. கொல்லையும் கிணறும் பொது. அவருடைய கணவர் பஸ் டிரைவர். அந்த வருடம் தை மாதம் அவர் ஓட்டிய பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். தெருவில் அக்காவை ‘டிரைவர் வீட்டம்மா’ என்பார்கள். டிரைவர் போன பிறகும் அப்படித்தான். நானும் அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை அவர் எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதினார் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதை நான் அச்சில் இறைப்பது முறையாகாது.

எந்தப் பொருளானாலும் அது திரும்பி வருகிற வழியை முதலில் பார்த்துக்கொள்வது அவர் குணம். சந்தையில் குடை வாங்கினால் விரித்துப் பார்க்க மாட்டார், மடக்கிப் பார்ப்பார். விரியாத குடையை எவன் கடையில் வைப்பான் என்பார். ஒருமுறை குன்றாண்டார்கோவிலில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. எப்படிப் போவது என்று நான் பஸ் விவரம் சொல்லத் தொடங்கினேன். “போற பஸ்ஸு கெடக்கட்டும் தம்பி, திரும்புற பஸ்ஸு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். அது தெரியாததால் போகவில்லை.

தெருவில் யாராவது சல்லடையோ முறமோ இரவல் கேட்டால் உடனே கொடுப்பார். இரண்டாம் நாளே, தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒருதரம் திருப்பிக் கேட்பார். முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தருபவர்களுக்கு அதையே மறுபடி கொடுத்து, வேண்டுமட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பார். இதனால் அவருக்குக் கஞ்சப்பட்டம் உண்டு. ஆனால் அந்தத் தெருவில் அதிகம் இரவல் போன முறம் அவருடையதுதான்.

அவர் வீட்டுப் பல்லாங்குழியில் ஆடுவதற்குச் சோழி கிடையாது, அம்மன் காசு. 1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது அந்தச் செப்புக் காசுகள் செல்லாமல் போயின. மாமனார் ஒரு கலயம் நிறையச் சேர்த்து வைத்திருந்தாராம். குழந்தைகள் அதைக் கலகலவென்று குழியில் போடும்போது அக்கா சொல்வார்: “போடத் தெரிஞ்ச மனுசன். எடுக்க வேண்டிய நாள்ல எடுக்கத் தெரியல.”

பஸ் முதலாளி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னிலையில், இரண்டாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். கையில் கொடுத்தால் கரைந்துவிடும், எங்கே போட வேண்டும் என்று ஆவணிக்குள் சொன்னால் அங்கே கட்டிவிடுகிறேன் என்றார். அக்காவுக்கு நிலம் இல்லை. நகை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பிறந்த வீட்டிலும் ஆள் இல்லை. மூத்த பெண்ணுக்கு எட்டு வயது, இளையவளுக்கு நான்கு. அந்தப் பணம் தவறான இடத்தில் விழுந்தால் மூன்று பேருக்கும் வேறு பிடிமானம் கிடையாது.

எங்கே போடுவது என்பதில் தெருவுக்கே ஒரே அபிப்பிராயம். புதுக்கோட்டை கீழராஜவீதியில் ஒரு மாடியில் நிதி ஆபீஸ் ஒன்று நடந்துவந்தது. நூறு ரூபாய்க்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டி, அதாவது வருடத்துக்கு ஒன்பது ரூபாய். தபாலாபீஸ் சேமிப்பில் வருடத்துக்கே இரண்டு ரூபாய்க்குச் சற்று மேலே. நான் கோடு போட்ட தாளில் இரண்டு பத்தியாகக் கணக்கெழுதி அக்காவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். நிதியில் போட்டால் மாதம் பதினைந்து ரூபாய் வரும். வாடகை போக அரிசிக்குக் காணும். தபாலாபீசில் போட்டால் மாதம் நாலு ரூபாய்கூடத் தேறாது, வாடகைக்கே போதாது. கடைசி வரியை இரண்டு தரம் அடிக்கோடிட்டிருந்தேன்.

அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

“போட்டா என்ன வரும்னு அழகா எழுதிருக்கீங்க தம்பி. போட்டது வருமான்னு இதுல எங்கிட்டு எழுதிருக்கு?”

எங்கும் எழுதியிருக்கவில்லை.

அவருடைய கொழுந்தனார் கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் நிற்காது. நிதி ஆபீஸ் மானேஜர் அவருக்குப் பழக்கம். மதினி கையெழுத்துகூடப் போட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தினமும் வந்து சொன்னார். அக்கா ஒரு யோசனை சொன்னார். முதலாளியிடமிருந்து முதலில் இருநூறு ரூபாய் மட்டும் வாங்குவது. நூறை நிதியில் போடுவது, நூறைத் தபாலாபீசில் போடுவது. மூன்று மாதம் கழித்து இரண்டையும் எடுத்துப் பார்ப்பது. எந்த இடம் சரியோ அங்கே மீதியைக் கட்டுவது. கொழுந்தனார் சிரித்தார். “பொண்ணு பாக்கப் போற மாதிரி பேங்கு பாக்குறாங்க எங்க மதினி” என்று கடைவீதி முழுக்கச் சொல்லிவைத்தார்.

நிதியில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தபாலாபீசில்தான் சிக்கல். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அக்காவின் விரலை மூன்று தரம் உருட்டியும் காகிதத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் விழுந்தது. வறுத்த முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது தெறிக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் தப்பாது. எங்கள் பக்கத்தில் கொட்டை உடைக்கிற பெண்கள் பலருக்கு விரலில் ரேகை என்று ஒன்று இருக்காது. ரேகை சரியாக விழுந்தாலும் பணம் எடுக்கிறபோதெல்லாம் தெரிந்த சாட்சி ஒருவர் கூட வர வேண்டும் என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அன்று திரும்பி வந்த அக்கா கிணற்றடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

“ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளு பக்கத்துல நின்னு, இது இவதான்னு சொல்லணுமாம் தம்பி. அந்த ஆளு சொல்லலேன்னா நான் நானில்லையா?”

பத்து நாள் தள்ளி மறுபடி போனார். அதற்குள் மூத்த பெண்ணின் சிலேட்டில் தன் பெயரைக் கற்றுக்கொண்டிருந்தார். ஐந்து எழுத்து. முதல் எழுத்து தலை பெருத்து நிற்கும், நடுவில் இருப்பவை ஒன்றையொன்று நெருக்கும், கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடும். அதைத் தபாலாபீசில் மாதிரிக் கையெழுத்துக்கென்று வைத்திருக்கிற அட்டையில் போட்டுவிட்டு நூறு ரூபாயைக் கட்டி, பாஸ்புத்தகத்தோடு வந்தார்.

எழுத்து என்பது ஒருமுறை கைக்கு வந்தால் சும்மா இருக்க விடாது போலிருக்கிறது. அந்த மூன்று மாதமும் சாம்பலில் எழுதினார், தவிட்டில் எழுதினார், கிணற்றுச் சுவரில் ஈரவிரலால் எழுதினார். ஆடி மாதத்துக்குள் அந்த ஐந்து எழுத்தும் அச்சில் வார்த்தது போல ஆகிவிட்டது. நானே பாராட்டினேன்.

சோதனை நாளாக அவர் வைத்துக்கொண்டது சந்தை நாளை. வேலை நெருக்கடியில் இருக்கும்போது கேட்டால்தான் சுயமுகம் தெரியும் என்று கணக்கு. கொழுந்தனாரும் வேடிக்கை பார்க்கக் கூடப்போனார். பிறகு அவர் சொல்லித்தான் அங்கே நடந்தது எனக்குத் தெரியும். போஸ்ட்மாஸ்டர் படிவத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்து, இது வேறு கையெழுத்து என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“ஊருக்கே தெரியும் சார் இவுங்க யாருன்னு” என்று கொழுந்தனார் சத்தம் போட்டிருக்கிறார்.

“எனக்குந்தான் தெரியும். அட்டைக்குத் தெரியலையே” என்றாராம் போஸ்ட்மாஸ்டர்.

கொழுந்தனார் தெருவெல்லாம் கொதித்துக்கொண்டு வந்தார். சொந்தப் பணத்தைச் சொந்தக்காரிக்கே தராத இடத்தில் ஒரு குடும்பத்தின் முதலைக் கொட்டுவதா என்றார். அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அக்கா அடுப்பிலிருந்த கடலையை இறக்கி ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். இளையவளை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டுக்கூட முனகினார். தை மாதத்துக்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டது அன்றுதான். டைரியில் எழுதியது அந்தச் சாயங்காலம்.

மறுநாள் தனியாகப் போனார். பழைய கோணல் கையெழுத்தை, தலை பெருத்து, நெருக்கி, கீழே இறக்கி, அப்படியே போட்டார். நூறு ரூபாயும் எண்ணிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது நிதி. அதற்கு அவர் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி, பாஸ்புத்தகத்தை மட்டும் கொழுந்தனாரிடம் கொடுத்தனுப்பினார். காய்ச்சல் ஒன்றும் இல்லை என்பது பக்கத்து வீட்டில் இருந்த எனக்குத் தெரியும். கொழுந்தனார் மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். நூறு ரூபாயும் மூன்று மாத வட்டி இரண்டு ரூபாய் நாலணாவும். போனதும் காபி வாங்கிக் கொடுத்தார்களாம். பணத்தை அக்காவுக்கு முன்னால் பலகையில் வைத்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா பணத்தைத் தொடவில்லை.

“நான் எழுதின சீட்டு எங்கேன்னு கேக்கலையா?”

“ஒண்ணுமே கேக்கல மதினி. மொகத்தப் பாத்தே குடுத்துட்டாங்க.”

“யாரு மொகத்தப் பாத்து?”

பதிலையும் அக்காவே சொன்னார்.

“என் பணத்த ஒங்க மொகத்தப் பாத்துக் குடுத்திருக்காங்க. நீங்க நல்லவரு, கொண்டாந்துட்டீங்க. நாளைக்கு வேறொரு மொகம் போயி நிக்கும்.” பிறகுதான் பணத்தை எடுத்து முடிந்துகொண்டார். “அந்த மூக்குக்கண்ணாடி எனக்கே தரமாட்டேன்னுச்சு. அங்கிட்டே கெடக்கட்டும்.”

இரண்டாயிரமும் தபாலாபீசுக்குப் போயிற்று. கொழுந்தனார் அதைத் தன் மேல் வைத்த சந்தேகமாக எடுத்துக்கொண்டு தீபாவளி வரைக்கும் அந்த வாசலை மிதிக்கவில்லை. எனக்கும் வருத்தந்தான். மாதம் பதினோரு ரூபாயை ஒருவர் கண்ணெதிரே வேண்டாம் என்று தள்ளுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பதினோரு ரூபாயை அக்கா கையால் சம்பாதித்தார். முன்பு பகலில் மட்டும் உடைத்தவர் விடியலுக்கு முன்பே கொல்லையில் உட்கார்ந்துவிடுவார். டக், டக் என்ற அந்தக் கட்டைச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். விரல்கள் எந்நேரமும் கொப்புளமும் கறுப்புமாக இருக்கும். இளையவள் தலைவாரிவிட அம்மாவிடம் போக மாட்டாள், விரல் குத்தும் என்று அழுவாள். இதைப் பார்க்கும்போது, இவர் செய்தது புத்திசாலித்தனமா பிடிவாதமா என்று எனக்கு நிச்சயமில்லாமல்தான் இருந்தது. நிச்சயமில்லாமலே என் சேமிப்பு அறுநூறு ரூபாயை அந்த ஆவணியிலேயே நிதியில் போட்டுவிட்டேன். முக்கால் வட்டி, கணக்கு என் கையெழுத்தில் இருந்தது.

நான்கு வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. புது நயா பைசாவெல்லாம் வந்து அணா மறந்துகொண்டிருந்த சமயம், 1958-இல் ஒருநாள் காலை கடைவீதியில் நிதியைப் பற்றியே பேச்சாக இருந்தது. முதல் பஸ்ஸில் போனேன். கீழராஜவீதி மாடிப்படி முழுக்க ஆட்கள். மேலே பூட்டு. பிறகு விசாரணையில் தெரிந்தது: பெருந்தொகைகள் பல, சீட்டு இல்லாமல், கையெழுத்து இல்லாமல், தெரிந்த முகங்களுக்குப் போயிருக்கின்றன. வந்த முகங்கள் எல்லாம் கொழுந்தனார் முகம் போல இல்லை. என் பணத்தில் ஆறில் ஒரு பங்கு, மூன்று தவணையாக, பல வருடம் கழித்து வந்தது.

அன்று நான் திரும்பி வந்தபோது அக்கா கிணற்றடியில் இருந்தார். விஷயம் தெரிந்திருந்தது.

“ஒரு தடவையாச்சும் எடுத்துப் பாத்தீங்களா தம்பி?”

“இல்லக்கா.”

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. இந்த மாத வாடகைக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

கொழுந்தனாருக்கு அடி பலம். கடைப்பணம் நானூறும் அங்கேதான் இருந்தது. கடையை மூடுகிற நிலைக்கு வந்து, வேறு வழியில்லாமல் மதினியிடம் முந்நூறு ரூபாய் கேட்டார். அக்கா தபாலாபீசுக்குப் போய் நூறு ரூபாய் எடுத்துவந்து கொடுத்தார். பத்து நாளில் அதில் இருபது ரூபாயைத் திருப்பிக் கேட்டார். “கொள்ளி வச்ச வீட்டுல கதவு மூடுதான்னு பாக்குறாங்க சார்” என்று கொழுந்தனார் என்னிடம் வந்து புலம்பினார். ஆனாலும் எங்கோ புரட்டி இருபதைக் கொண்டுவந்து வைத்தார். அன்று சாயங்காலமே அந்த இருபதோடு சேர்த்து மீதி இருநூறும் அவர் கைக்குப் போனது. வட்டி வேண்டாம் என்றுவிட்டார் அக்கா. கடை தப்பியது. அக்காவின் முதல் எழுத்து மாணவியான மூத்த மகள் சொன்னாள், சித்தப்பா அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து அழுதார் என்று.

மேலே எழுதியதில் ஒரு பிழை. மூத்தவள் அம்மாவுக்கு ஆசிரியை, மாணவி இல்லை. அடிக்காமல் விட்டுவிடுகிறேன். எழுத்தை அம்மா அவளிடம் கற்றார், மற்றதை அவள் அம்மாவிடம் கற்றாள், ஆகவே இரண்டும் ஓரளவு சரிதான்.

எனக்குத் திருமயம், கீரனூர் என்று மாறுதலாகி, கல்யாணமும் ஆகி, 1965-இல் ஆலங்குடிக்கே திரும்பி வந்தேன். அக்கா அதே பாதி வீட்டில்தான் இருந்தார். மூத்தவள் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொட்டை உடைப்பதை நிறுத்தியிருந்தார். பத்திரிகை படிக்கிறவராகவும், தெருப் பெண்களுக்கு மணியார்டர் பாரமும் மனுவும் எழுதிக் கொடுக்கிறவராகவும் ஆகியிருந்தார். தாசில்தாருக்கு அவர் எழுதிய மனு ஒன்றைப் பார்த்தேன். எங்கள் ஆபீசில் அப்படி எழுதுகிற குமாஸ்தா அப்போது யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

மறுவருடம் வீட்டுக்காரர் அந்த வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். அக்கா முழு வீட்டையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விலை மூவாயிரத்து இருநூறு. கொழுந்தனார் முந்நூறைத் திருப்பிக் கட்டியதும் மறுபடி முழுசான இரண்டாயிரமும், அதன் சின்ன வட்டியும், அத்தனை வருடக் கொட்டைக் கூலியில் மிச்சம் பிடித்ததும் தபாலாபீசில் இருந்தது. பணம் எடுக்கிற அன்று தொகை பெரிதாக இருக்கிறதே என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடி போஸ்ட்மாஸ்டர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஒரு சின்ன வயதுக்காரர் இருந்தார். அக்கா படிவத்தை அழகாக நிரப்பினார். கையெழுத்து இடம் வந்ததும் பேனாவைப் பிடிக்கிற பிடி மாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மூச்சு விட்டுக்கொண்டு, தலை பெருத்து, நெருக்கி, கடைசியைக் கீழே இறக்கி எழுதினார். புது போஸ்ட்மாஸ்டர் படிவத்தை யார் நிரப்பியது என்று கேட்டார்.

“நாந்தாங்க.”

“கையெழுத்து?”

“அதுவும் நாந்தாங்க. அட்டையப் பாருங்க.”

அட்டையைப் பார்த்தார். பணத்தை எண்ணினார். பன்னிரண்டு வருடமும் அந்த ஒரு இடத்துக்காக மட்டும் அந்தக் கோணல் எழுத்தை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

பத்திரம் எங்கள் ஆபீசில் பதிவாயிற்று. அக்காவே தாக்கல் செய்து, நல்ல எழுத்தில் கையொப்பமிட்டார். பெருவிரலை மையில் உருட்டியபோது ரேகை முழுசாக விழுந்தது. அதைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதிந்த பத்திரத்தைப் புத்தகத்தில் நகல் எழுதி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். அதற்கு ஒரு ரசீது உண்டு. அந்த ரசீதைக் கொண்டுவருபவரிடம் பத்திரத்தைக் கொடுப்பது அந்த வருடம் என் வேலை.

எட்டு நாள் கழித்து கொழுந்தனார் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. மதினி பத்திரத்தை வாங்கி வரச் சொன்னார்கள் என்றார். ரசீது எங்கே என்று கேட்டேன்.

“ரசீது எடுத்தாரல சார். என்னயத் தெரியாதா ஒங்களுக்கு?”

தெரியும் என்றேன். ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இருந்த வீட்டுப் பத்திரம். கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் பீரோவில் இருக்கிறது. இருந்தாலும் ரசீது இல்லாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். பெஞ்சியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தார்.

“கேட்டுப் பாத்துட்டு மட்டும் வரச் சொன்னாங்க.”

மறுநாள் பத்தரை மணிக்கு, ஆபீஸ் திறந்ததும் அக்கா ரசீதோடு வந்தார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்திரத்தைக் கொடுத்தேன். பக்கங்களை எண்ணிப் பார்த்து முந்தானையில் சுற்றிக்கொண்டார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேற்று நான் கொடுத்திருந்தால்தான் என்ன அக்கா, பத்திரம் உங்கள் வீட்டுக்குத்தானே வந்திருக்கும், பதிந்தது பதிந்ததுதானே என்றேன்.

“வீட்டுக்கு ஒண்ணும் ஆயிருக்காது தம்பி. தம்பின்னு ஒரு ஆளு எனக்கு இல்லாமப் போயிருக்கும்” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் 1954 டைரியைத் தேடி எடுத்தேன். ஆடி மாதத்துப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குறியை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.